சித்தப்பாவின் கறுப்புத் தலை

கிண்ணத்தில் கறுப்புத் தூளைத் தண்ணீர் விட்டுக் குழைத்தால் ஒரு நெடி எழும். வீடு முழுக்கச் சுற்றிவிட்டுத்தான் அடங்கும். தொண்ணூறுகளின் நடுவில், ராஜா அண்ணாமலைபுரத்து ஃப்ளாட்டில், ஒரு வெள்ளிக்கிழமை மாலை அம்மா பழைய டூத் பிரஷ்ஷால் சித்தப்பாவின் தலைக்கு "டை" பூசினாள். அப்பாவின் தம்பியான அவருக்கு முப்பத்தைந்து வயதிலேயே தலை முழுக்க வெளுத்துவிட்டது. அதைப் பார்த்தே வந்த இடமெல்லாம் தட்டிப்போயிற்று. ஞாயிற்றுக்கிழமை கோட்டூர்புரத்தில் பெண் பார்க்கப் போகவேண்டும். இதுவும் போனால் இனிமேல் தேடவே வேண்டாம் என்று சித்தப்பா சொல்லிவிட்டார்.

அதற்கு முந்தின மாதம் ஒரு கல்யாணத்துக்காக முதல்முறை பூசியபோது ஒன்றும் ஆகவில்லை. அதில்தான் வம்பு என்று பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். சிலர் உடம்பு அந்தச் சாயத்தை எதிரியென்று தப்பாக அடையாளம் வைத்துக்கொண்டு, அடுத்த முறை வந்ததும் ஓரிரு நாளில் படை திரட்டிப் பாயும். தபால்காரரைத் திருடனென்று நினைத்து வீட்டுச் சாமானையெல்லாம் உடைக்கிற காவல்காரன் மாதிரி, சேதமெல்லாம் சொந்த உடம்புக்குத்தான்.

சனிக்கிழமை காது மடல் அரித்தது. "எல்லாம் சூடு" என்று அம்மா தயிரைத் தேய்த்தாள். ஞாயிறு காலை நெற்றி சிவந்து தடித்து, இமையெல்லாம் நீர் கோத்து, இடது கண் மூடியே போயிற்று.

"இன்னொரு நாள் போலாமா மன்னி?" என்றார் சித்தப்பா.

"அவா சொஜ்ஜி பஜ்ஜி பண்ணிண்டு காத்துண்டிருப்பா. கொசு கடிச்சுடுத்துன்னு சொல்லிக்கலாம், கெளம்பு."

காபியோடு வந்த பெண் அவரை ஒரு பார்வை பார்த்தாள். அம்மா கொசுவை ஆரம்பிப்பதற்குள் உள்ளே போய், துண்டில் ஐஸ் கட்டி சுற்றிக்கொண்டு வந்து நீட்டினாள்.

"டைதானே? எங்கப்பாவுக்கும் இப்படித்தான் ஆச்சு. நேரா டாக்டர்கிட்ட போங்கோ. இனிமே அதைத் தொடாதீங்கோ, அடுத்த தடவை இதைவிட ஜாஸ்தியா வரும்."

சித்தப்பா ஐஸைக் கண்ணில் ஒற்றியபடி, "நிஜத்துல முழுக்க வெள்ளை" என்றார்.

"அதான் தெரியறதே" என்று சிரித்தாள் அவள். கூடப் போயிருந்த எனக்கு அந்தக் கணமே அவளைப் பிடித்துவிட்டது.

இப்போது தூளும் கிண்ணமும் எங்கள் வீட்டில் இல்லை. டை க்ரீமாக ட்யூபில் வருகிறது. அவர்கள் இருவரின் கல்யாண ஆல்பத்தில் கறுத்த தலைகளுக்கு நடுவே மாப்பிள்ளை மட்டும் வெள்ளை. அந்தக் கறுப்புத் தலைகளில் பாதி வழுக்கையாகிவிட்டன, சிலர் உயிரோடு இல்லை. சித்தப்பா மட்டும் படத்தில் இருக்கிறபடியே இருக்கிறார். சித்தி தலை போன வருஷம்தான் முழுதாக வெளுத்தது.

"இப்பத்தான் எங்களுக்குப் பொருத்தம் சரியா வந்திருக்கு" என்கிறார் சித்தப்பா.