அரைமண்டியில் அளவெடுக்கச் சொன்ன மெயில்

இன்று மாலை எங்கள் வீட்டுக்குக் கனடாவிலிருந்து போன் வந்தது.

எடுத்தது அம்மா. மாட்டியது நான்.

(உயிரோடுதான் இருக்கிறேன். எங்களோடு இருக்கும் மாமா தூங்கியதும் அவருடைய கம்ப்யூட்டரில் இதை அடிக்கிறேன். மோடம் போடும் கூச்சல் கேட்காமலிருக்க அதன்மேல் தலையணை வைத்திருக்கிறேன். காசு கட்டி வாங்கிய இன்டர்நெட் நேரம் எப்படிக் கரைகிறது என்று மாமாவுக்கு இன்னும் புரியவில்லை.)

நம் மெயில் குரூப்பில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் வீடு மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில். அம்மா பரதநாட்டிய உடை தைக்கிறார். அவருக்கு வழக்கமாக வேலை கொடுத்துவந்த நாட்டியப் பள்ளி, இந்த வருடம் தி.நகரில் ரெடிமேடாக வாங்கிக்கொண்டது.

"பொங்கல் வரைக்கும் பாப்பேன்" என்றார் அம்மா. "அப்புறம் மிஷினைக் குடுத்துட்டு எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு வேலைக்குப் போய்டுவேன். பத்தாவது முடிச்சதும் நீ வேலூர்ல பெரியம்மா வூட்ல இருந்து படி."

வேலூர் என்றதும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

வெளிநாட்டில் நாட்டியம் சொல்லிக்கொடுக்கும் டீச்சர்கள் பலர் இன்டர்நெட்டில் தங்கள் பள்ளிக்கென்று ஒரு பக்கம் வைத்திருக்கிறார்கள். அதில் மெயில் முகவரியும் இருக்கிறது. அம்மாவுக்குத் தெரியாமல் அம்மா பெயரில் எழுதினேன்.

முதல் மெயில் மாமாவின் ஆபீஸ் கடிதங்களைப் பார்த்து எழுதியது. "மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மையீர், நாங்கள் சென்னையின் முன்னணி நாட்டிய உடைத் தயாரிப்பாளர்கள்." (முன்னணி என்றால் ஒரு அம்மா, இரண்டு மிஷின்.)

எல்லா முகவரிகளையும் வரிசையாகப் போட்டு ஒரே தட்டில் அனுப்பிவிட்டேன். யாருக்கெல்லாம் போயிருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

ஒரே ஒருவர் பதில் போட்டார். இனிமேல் எழுதாதே என்று.

அந்த வாரம்தான், மார்கழி சீசனுக்காக அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு பெண் கிழிந்த உடையோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். புது உடை. அரைமண்டியில் உட்கார்ந்ததும் தொடையில் பிரிந்துவிட்டதாம்.

"நிக்க வெச்சு அளவு எடுத்துக்கிறாங்க" என்றார் அம்மா. "முட்டிய மடக்கி ஆடுற டான்ஸுக்கு நின்னுக்கினு அளவு குடுத்தா கிழியாம இன்னா பண்ணும்? அரைமண்டி போடு கண்ணு. அப்படியே இரு."

"ஆன்ட்டி, கால் வலிக்குது."

"மேடையில மட்டும் வலிக்காதா? அசையாத."

டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த டீச்சர்களிடம் நான் சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான்.

இந்த முறை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதினேன். எழுதும் முன் அவர்கள் பக்கத்தில் இருந்த படங்களைப் பார்த்தேன். (ஒரு படம் முழுதாக இறங்குவதற்குள் ஒரு கணக்குப் போட்டு முடித்துவிடலாம்.)

கனடா டீச்சருக்கு எழுதியது இது: "உங்கள் ஆண்டு விழாப் படத்தில் வலது ஓரப் பெண்ணின் விசிறி மடிப்பு ஒரு பக்கம் தூக்கியிருக்கிறது. நிற்கவைத்து அளவு எடுத்திருக்கலாம். அரைமண்டியில் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை எடுத்துப் பாருங்கள். உடையை எங்கே தைத்தாலும் இது உதவும். மற்ற பிள்ளைகளுக்கும் உட்காரும்போது பிடிக்கிறதா?"

முன்னணி இல்லை. விலை இல்லை. கடைசியில் அம்மா பெயர் மட்டும்.

கூடவே எங்கள் போன் நம்பர். மாமாவின் கடிதங்களில் எல்லாம் அடியில் நம்பர் இருக்கும், அதனால் நானும் போட்டேன். மெயிலுக்குப் பதில் மெயிலில்தான் வரும் என்று நம்பினேன்.

இன்று மணி அடித்தது.

"ஆமாங்க, நான்தான் பேசுறேன்" என்றார் அம்மா. பிறகு, "மெயிலா? நான் எதுவும் போடலியே."

என்னைப் பார்த்தார். நான் புவியியல் புத்தகத்தைப் பார்த்தேன். அது தலைகீழாக இருந்தது.

"அரைமண்டியிலதாங்க எடுக்கணும். கரெக்டா சொல்லிக்கிறாங்க. யார் சொன்னது? ...நானா?"

நான் புத்தகத்தை நேராகத் திருப்பினேன்.

"திரும்ப அளவு எடுத்தீங்களா? அவ்ளோ வித்தியாசமா வந்துச்சு?" அம்மா முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "க்ளாஸ் முழுக்கவா? வேணாங்க, மொதல்ல ஒண்ணு தெச்சு அனுப்புறேன். போட்டு உக்காந்து பாக்கச் சொல்லுங்க. சரியா இருந்தா மீதிய சொல்லுங்க."

போனை வைத்தார்.

"இங்க வாடி."

போனேன்.

"எம்பேர்ல எத்தினி பேருக்கு எழுதின?"

"பதினோரு பேருக்கு."

"எத்தினி பேர் பதில் போட்டாங்க?"

"இவங்களைத் தவிர மூணு பேர். அளவு எப்படி எடுக்கணும்னு இன்னும் விவரம் கேக்கறாங்க."

"கேட்டவங்களுக்கு இன்னா சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. எனக்கு அவ்ளோதான் தெரியும். உன்னைக் கேட்டா அடிப்பியேன்னு பயம்."

"அடிக்கத்தான் போறேன். மூணு பேரு காத்துக்கினு கீறாங்க, இவ பயந்துக்கினு கீறா." டேப்பை எடுத்து என் தோளில் போட்டார். "அரைமண்டி போடு. எங்கெங்க அளக்கணும்னு காட்றேன். ஒழுங்கா எழுது."

அரைமண்டியில் இருந்தபடியே, சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டேன். "அப்போ வேலூர்?"

அம்மா இடுப்பிலிருந்து கணுக்காலுக்கு டேப்பை இறக்கினார். "நீ அங்க போய்ட்டா எனக்கு மெயில் யார் போடுவா?"

கால் நன்றாக வலித்தது. அவர் சொல்லும்வரை நான் எழுந்திருக்கவில்லை.

மூன்று பதில்களையும் இப்போதுதான் அனுப்பி முடித்தேன். இதையும் முடிக்கப் போகும் நேரத்தில் இருட்டுக்குள்ளிருந்து மாமாவின் குரல்.

"பாப்பா, எல்லாம் எழுதியாச்சுன்னா அந்தத் தலகாணியக் குடு. ஒரு மாசமா கழுத்து வலிக்குது."