சாந்தாமணியின் சோப்பில் யார் குளித்தார்கள்?

பெரியநாயக்கன்பாளையத்தில் சாந்தாமணியின் சோப்பைப் பார்க்காதவர்கள் குறைவு. அதில் குளித்தவர்கள் ஒருவருமில்லை. கதையே அதுதான்.

மகள் ரித்திகாவைப் பல்லடத்தில் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் அவரும் கணவர் பாலுசாமியும்தான். பாலுசாமி காலையில் பம்புசெட் பட்டறைக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். டிவி சீரியலில் மருமகள்கள் அழுவதைப் பார்த்துச் சலித்துப்போன சாந்தாமணி, ஒருநாள் போனில் சோப்புச் செய்கிற வீடியோ பார்த்தார். அன்றோடு சீரியலைத் தலைமுழுகினார்.

உடுமலைப்பேட்டையிலிருந்து டின்னில் தேங்காயெண்ணெய் வந்து இறங்கியது. கண்ணாடி, கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு அவர் காஸ்டிக் சோடா கரைப்பதைப் பார்த்தால் ஆபரேஷனுக்குத் தயாராகிறவர் மாதிரி இருக்கும். அதை எண்ணெயில் கலந்து, கெட்டிப்படுகிற பக்குவத்தில் வாசனைத் தைலம் விட்டு அச்சில் ஊற்றுவார். பிறகு ஐந்து வாரம் காற்றாட வைக்க வேண்டும். மகளின் அறை முழுக்கத் தாமரையும் ரோஜாவும் மயிலுமாகச் சோப்பு நிறைந்தது. மரிக்கொழுந்து வாசம் தெருமுனை வரைக்கும் அடித்தது.

வருகிறவர்களுக்கெல்லாம் ஆளுக்கொன்று கொடுத்தனுப்புவார். பத்து நாள் கழித்து, குளித்துப் பார்த்தீர்களா என்று கேட்பார். இவ்வளவு அழகானதைக் கரைக்க மனசு வரவில்லை, ஷோகேஸில் வைத்திருக்கிறோம் என்பார்கள். எதிர்வீட்டு ரிட்டயர்டு வாத்தியார் தனபால் மட்டும் வேறு மாதிரி. அவர் பீரோவில் வேட்டிகளுக்கு நடுவே வைத்திருந்தார்.

முதலில் பெருமையாகத்தான் இருந்தது. போகப்போக எரிச்சல் வந்தது. சமைத்துப் போட்ட சோற்றைச் சாப்பிடாமல் போட்டோ எடுத்து மாட்டினால் யாருக்குத்தான் வராது? நுரை வருகிறதா, தோல் வறளுகிறதா, கைவேலை உருப்படிதானா என்று ஒருவராவது சொல்ல வேண்டாமா? அந்த ஒரு வார்த்தைக்கு அவர் ஏங்கிப்போனார்.

அந்தச் சமயத்தில் ரித்திகாவின் மாமியார் விசாலாட்சி புதுவீடு குடிபோக நாள் பார்த்திருந்தார். தாம்பூலப் பையில் போட நூறு சோப்பு கேட்டார். நூறு வீட்டில் ஒரு வீட்டிலாவது குளிக்காமலா போவார்கள் என்று சாந்தாமணி மும்முரமாக இறங்கினார். விசேஷத்துக்குப் போவது மங்களகரமாக இருக்கட்டும் என்று பிள்ளையார் அச்சு வாங்கி, சந்தன வாசத்தில் வார்த்தார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். இவருக்கு வந்த வினை, பிள்ளையார் பிள்ளையாராகவே வந்ததுதான்.

விசேஷம் முடிந்து ஒரு மாதம் கழித்துப் பல்லடம் போனார். சம்பந்தி வீட்டுப் பூஜையறையில் சோப்புப் பிள்ளையார் குங்குமப் பொட்டும் அருகம்புல்லுமாகக் கொலுவிருந்தார். அந்த வீதியில் பாதி வீடுகளில் அப்படித்தானாம். குளிக்கத்தானே கொடுத்தது என்று சாந்தாமணி இழுத்ததும் விசாலாட்சி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஏனுங்க சம்பந்தி, சாமியப் போட்டுக் காலத் தேய்ப்பாங்களாங்க?"

நியாயமான கேள்வி. சாந்தாமணிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அச்சை வாங்கும்போது இந்தப் புத்தி எங்கே போயிற்று? இரண்டு வருஷமாகச் செய்கிறேன், எப்படி இருக்கிறதென்று சொல்ல ஒரு ஆளில்லை என்று மனசுவிட்டுச் சொன்னார்.

"அதுக்கென்னங்க, நீங்க குளிச்சுப் பாத்திருப்பீங்கல்லங்க. எப்படிங்க இருக்குது?"

சாந்தாமணியின் வீட்டுக் குளியலறையில் இருப்பது மளிகைக்கடையில் நாலு வாங்கினால் ஒன்று இலவசமாகக் கிடைக்கிற சிவப்புச் சோப்பு. சொந்தச் சோப்பை ஒருநாளும் தொட்டதில்லை. நல்லதெல்லாம் அடுத்தவர்களுக்கு. உடைந்ததைக்கூட உருக்கி மறுபடி வார்த்துவிடுவார். ஊரையெல்லாம் குறைசொன்ன மனசு கூசிப்போனது.

வீட்டுக்கு வந்ததும் காபிகூடப் போடவில்லை. இருப்பதிலேயே அழகான தாமரையை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டார். ஒரு கணம் கை தயங்கியது. பிறகு ஒரு செம்பு தண்ணீரை அதன் தலையிலேயே ஊற்றினார்.

பட்டறையிலிருந்து வந்த பாலுசாமி வெகுநேரம் காத்திருந்துவிட்டுக் கதவைத் தட்டினார். "ஏம்புள்ள, ஒடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம்தான் முதலில் வந்தது.

"நொரை அள்ளுதுங்க, வாசமும் நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா யாரும் குளிக்காததும் நல்லதுக்குத்தானுங்க. இந்தத் தாமரை எதழு முதுகெல்லாம் கீறிப்போட்டுதுங்க."