தறிச் சத்தத்துக்கு இசை யார்?

கோயம்புத்தூரில் மோட்டார் பம்பு செய்கிற ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. எந்தப் பம்பு எந்த ஊருக்கு எந்த லாரியில் போகிறது என்று பார்த்து அனுப்புவேன். அது போக மிச்ச நேரத்தில் லேப்டாப்பில் பீட் செய்வேன். ராப் பாடுகிறவருக்குப் பின்னால் ஓடுகிற தாளமும் இசையும்தான் பீட். வீட்டில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தலையை ஆட்டியபடி உட்கார்ந்திருப்பேன். நான் யாரிடமோ போனில் எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டிக்கொண்டிருப்பதாக என் அம்மா வெகுநாள் நினைத்திருந்தார்.

எங்கள் அக்கவுண்ட்ஸ் பிரிவுக்குச் சோமனூரிலிருந்து ஒருவர் புதிதாக வந்து சேர்ந்தார். கேன்டீனில் தட்டைத் தட்டி ராப் பாடுவார். குரல் கனமானது, மூச்சும் நன்றாகத் தாங்கும். ஒரே ஒரு குறைதான். ராப்பில் தன்னைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேண்டும், எதிராளியை மட்டம் தட்ட வேண்டும். முதலாவது அவருக்கு நன்றாக வந்தது. இரண்டாவதில் மரியாதை குறுக்கே வந்து விழும். அவர் எழுதிய முதல் மிரட்டல் வரி இது: "எதுக்க நின்னா பொசுக்கிப்போடுவேனுங்க, சித்த அக்கட்டால தள்ளி நில்லுங்க." அந்த 'ங்க'வை எடுத்துவிடச் சொன்னேன். எடுத்துப் பார்த்தார். வீட்டில் பயிற்சி செய்யும்போது அவருடைய அம்மா கேட்டுவிட்டு, யாரை இப்படி வா போ என்று பேசுகிறாய் என்று சத்தம் போட்டாராம். 'ங்க' திரும்பி வந்துவிட்டது.

சீக்கிரமே நண்பராகிவிட்டார். தனக்கு ஒரு பீட் வேண்டும் என்றார். நான் செய்து வைத்திருந்த சிலவற்றைப் போட்டுக் காட்டினேன். எல்லாமே அமெரிக்காவில் மழை பெய்கிற மாதிரி இருக்கிறது, நம்ம ஊர் மாதிரி இல்லை என்றார். அவர் வீட்டை ஒட்டியே அவர்களுடைய விசைத்தறி குடோன் இருந்தது. பிறந்ததிலிருந்து அந்தத் தறிச் சத்தத்தில்தான் தூங்குகிறேன், அதை எடுத்துக்கொள்ளலாமே என்றார். நல்ல யோசனையாகப் பட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சோமனூர் பஸ் ஏறினேன்.

குடோனுக்குள் போனதும் சத்தம் ஆளையே தள்ளியது. போனில் பதிவு செய்து கேட்டால் வெறும் இரைச்சல். அதனால் போனை வெளிப்பக்கச் சன்னல் விளிம்பில் வைத்தேன். அங்கே சத்தம் கொஞ்சம் அடங்கித் தாளமாகக் கேட்டது. பதிவாகிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. அத்தனை தறியும் ஒரே சமயத்தில் நின்றன. அந்த அமைதிக்குள், சமையலறையிலிருந்து நண்பரின் அம்மா கூப்பிட்டார்.

"கரண்டு போயிருச்சு, சாப்புட வா கண்ணு."

அவ்வளவு சரியான இடத்தில், அவ்வளவு சரியான தாளத்தில் விழுந்த வரி. அன்றைக்கு அவர்கள் வீட்டில் ரசமும் அப்பளமும் சாப்பிட்டுவிட்டு, அந்தப் பதிவைக் குழந்தையைத் தூக்கி வருவதுபோல் கோயம்புத்தூருக்குக் கொண்டுவந்தேன்.

சத்தத்தை வெட்டினேன், ஒட்டினேன், வேகத்தைக் குறைத்தேன், அடியில் கனமாக ஒரு பேஸ் போட்டேன். தாளம் லேசாக நொண்டி நொண்டி நடந்தது. அந்த நொண்டல்தான் பாட்டுக்கே அழகு. அது என் வெட்டு ஒட்டில் வந்தது என்று நினைத்து ஆபீசில் எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டேன். ஒவ்வொரு சரணமும் முடிந்ததும் தறி நிற்கும், அம்மாவின் குரல் வரும், மறுபடி தறி ஓடும்.

குரலைப் பதிவு செய்யக் காந்திபுரத்தில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனோம். ஜவுளிக்கடைக்கு மேலே மாடியில் இருந்தது. கல்யாண வீடியோ, கல்யாணப் பத்திரிகை, பிளக்ஸ் பேனர், ஆட்டோவில் கட்டிப் போகிற ஒலிபெருக்கி விளம்பரம், நான்கும் அங்கே நடக்கும். அதை நடத்துகிறவர் அன்பானவர். நண்பரைப் பாட வைத்துப் பதிவு செய்தார், பிறகு கொஞ்சம் எக்கோ போட்டார். அவருக்குக் கொஞ்சம் எக்கோ என்றால், கோவில் திருவிழாவில் காணாமல்போன குழந்தையைப் பற்றி அறிவிக்கிற அளவு. அதைக் குறைக்கச் சொல்லி வாங்கினோம். தன் யூடியூப் சேனலிலேயே ஏற்றிவிடுவதாகச் சொன்னார். நாங்களும் சரி என்றோம்.

மறுநாள் பாட்டைப் போட்டால் தொடக்கத்திலேயே ஒரு சிறு பெண்ணின் குரல் ஸ்டுடியோவின் பெயரைச் சொல்லிச் சிரித்தது. அவருடைய மகளாம். பீட் செய்தவர் தன் முத்திரையாக இப்படி ஒரு குரலை முன்னால் வைப்பது ஹிப்-ஹாப் வழக்கம். அதை எங்கோ பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கிறார். கீழே எழுத்தில், இசை என்ற இடத்திலும் அவர் பெயர், தயாரிப்பு என்ற இடத்திலும் அவர் பெயர். என் பெயரைத் தேடினேன். நன்றி என்ற பகுதியில், டீ அனுப்பிய பேக்கரிக்கு அடுத்ததாக இருந்தது.

நண்பரையும் இழுத்துக்கொண்டு காந்திபுரம் போனேன். வழியெல்லாம் நண்பர் ஆவேசமாகத்தான் வந்தார். மாடிப்படி ஏறியதும் வணக்கமுங்க என்று ஆரம்பித்து, வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார். ஆகவே நான்தான் கேட்க வேண்டியிருந்தது. ஸ்டுடியோக்காரருக்குக் கோபமே வரவில்லை. உண்மையாகவே யோசித்துப் பார்த்துப் பதில் சொன்னார்.

"பீட்டுன்னா என்னங்க அம்மணி, தறிச் சத்தம். அதைய நீங்க பண்ணுனீங்களா, தறி பண்ணுச்சு. நீங்க பதிவு பண்ணுனீங்க, நானும் பதிவு பண்ணுனேன். ஆனா எக்கோ யாரு போட்டதுங்க?"

அப்படியானால் மாவு அரைத்த மில்காரர் இட்லி தான் சுட்டதாகச் சொல்லிக்கொள்ளலாமா என்று கேட்டேன். இட்லிக்கு எக்கோ தேவையில்லை என்றார். டீ குடித்துவிட்டுக் கீழே இறங்கினோம்.

படியிலேயே நண்பர் ஒரு முடிவுக்கு வந்தார். நேரில் பேசத்தான் அவருக்கு வராது, பாட்டில் திட்டுவதென்றால் திட்டுவார். ஹிப்-ஹாப்பில் அதற்கு டிஸ் என்று பெயர். நான் அவசரமாக ஒரு பீட் செய்து கொடுத்தேன், அவர் நாலு நாள் முறைத்துக்கொண்டே திரிந்து வரிகளை எழுதினார். "அடுத்தவங்க பீட்டை அபகரிச்ச அண்ணா, கண்ணாடியில உங்க மூஞ்சிய நீங்களே பாருங்கண்ணா" என்று தொடங்கும். அவருடைய தரத்துக்கு அது பச்சைக் கெட்ட வார்த்தை.

எழுதிய பிறகுதான் எங்கே பதிவு செய்வது என்ற கேள்வி வந்தது. எங்களுக்குத் தெரிந்த ஸ்டுடியோ ஒன்றே ஒன்றுதான்.

போனோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஸ்டுடியோக்காரர் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தார், இந்தப் பக்கம் நண்பர் கண்ணை மூடிக்கொண்டு அவரையே திட்டிப் பாடினார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பாடி முடித்ததும் ஸ்டுடியோக்காரர் பதிவை ஒருமுறை திரும்பப் போட்டுக் கேட்டார். பிறகு மைக்கில் அவர் குரல் வந்தது.

"நல்லா வந்துருக்குங்க. அந்த 'அபகரிச்ச'ங்கறது மட்டும் தெளிவா விழுகலைங்க. இன்னொரு டேக் போயிரலாங்களா?"

நண்பர் இன்னொரு டேக் பாடினார். இந்த முறை சொல் கத்தி மாதிரி விழுந்தது. ஸ்டுடியோக்காரர் அந்தச் சொல்லுக்கு மட்டும் தனியாக எக்கோ போட்டார். அபகரிச்ச, கரிச்ச, ரிச்ச என்று அது தேய்ந்துகொண்டே போனது. கேட்க நன்றாகவே இருந்தது. சாயங்காலமே சேனலில் ஏற்றிவிட்டார். தொடக்கத்தில் மகளின் சிரிப்பு. கீழே, இசை: அவர். தயாரிப்பு: அவர்.

என்ன செய்வதென்று தெரியாமல் இருந்த நேரத்தில் சோமனூரிலிருந்து அடுத்த இடி வந்தது. முதல் பாட்டு அங்கே தறிக்காரர்கள் போனிலெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது. நண்பரின் பக்கத்துக் குடோன்காரர் பேக்கரியில் அதைக் கேட்டுவிட்டு, டீயை வைத்துவிட்டு நேராக நண்பரின் வீட்டுக்கு வந்திருக்கிறார். பாட்டில் ஓடுவது தன்னுடைய தறி என்று அவர் சொன்னார். நண்பர் எனக்குப் போன் செய்தார். எல்லாத் தறியும் ஒரே மாதிரிதானே சத்தம் போடும் என்று சொல்லிச் சிரித்தேன்.

அடுத்த ஞாயிறு போனபோது பக்கத்துக் குடோன்காரர் எங்களுக்காகக் காத்திருந்தார். தன் குடோனில் எல்லாத் தறியையும் நிறுத்திவிட்டு ஒன்றை மட்டும் ஓடவிட்டார். டக், டக், கொஞ்சம் தாமதித்து டட்டக். என் நொண்டல். எந்த வெட்டும் ஒட்டும் இல்லாமல், எண்ணெய் நாற்றத்தோடு, என் கண் முன்னால் அது பாட்டுக்கு நொண்டிக்கொண்டிருந்தது. பிறகு நண்பரின் குடோனுக்குப் போய்க் கேட்டோம். அங்கே தறிகள் ராணுவம் மாதிரி நேராக நடந்தன. நான் போனை வைத்த சன்னல் விளிம்பு பக்கத்துக் குடோனைப் பார்த்து இருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

"ரண்டு வருசமா மெக்கானிக்கைக் கூப்புட்டுக்கிட்டு இருக்கறேன் கண்ணு, அவன் வாரேன் வாரேங்கறான். நல்லவேளை வர்லை" என்றார் அந்தத் தறிக்காரர். அவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான். பாட்டில் தன் பெயர் வர வேண்டும். பெயருக்குப் பின்னால் பி.காம். என்றும் இருக்க வேண்டும்.

இதற்கிடையில் ஸ்டுடியோக்காரரின் மாமனார் வீட்டில் யாரோ டிஸ் பாட்டைக் கேட்டுவிட்டு, இது நம்ம மாப்பிள்ளையையா சொல்கிறார்கள் என்று விசாரித்திருக்கிறார்கள். அதன்பிறகுதான் அவருக்கு உறைத்தது. அவரே கூப்பிட்டு, உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்றார். காந்திபுரத்தில் ஒரு பேக்கரியில் நால்வரும் கூடினோம். தேங்காய் பன் வந்தது. கல்யாணப் பத்திரிகையும் பிளக்ஸும் அடிக்கிறவர் என்பதால் ஸ்டுடியோக்காரருக்கு எந்தப் பெயர் எங்கே வர வேண்டும் என்பது அத்துப்படி. பத்திரிகையில் தாய்மாமன் பெயர் தவறினால் என்ன நடக்கும் என்பதையெல்லாம் விளக்கினார். தறிக்காரர் தன்னைத் தாய்மாமன் ஸ்தானத்தில் வைக்கும்படி கேட்டார். மதியம் வரை பேசி, இசை நான், பாடல் நண்பர், ஒலிக்கலவையும் எக்கோவும் ஸ்டுடியோக்காரர், தறி பி.காம். என்று முடிவானது. மகளின் சிரிப்பை எடுத்துவிடலாமா என்று ஸ்டுடியோக்காரர் தயங்கித் தயங்கிக் கேட்டார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, இருக்கட்டும் என்று சொன்னது நான்தான்.

அப்போதுதான் ஸ்டுடியோக்காரர் சேனலில் வந்திருந்த கருத்துகளைக் காட்டினார். என் பீட்டைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. எக்கோவைப் பற்றியும் இல்லை. நண்பரின் ராப்பைப் பற்றி அவருடைய சித்தப்பா மகன் மட்டும் எழுதியிருந்தான். மற்ற எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி. சாப்பிடக் கூப்பிடுகிற அந்த அம்மா யார்?

மிச்சப் பன்னைப் பொட்டலம் கட்டச் சொன்னோம். பிறகு எல்லோரும் ஒரே பஸ்ஸில் சோமனூர் போனோம்.

நண்பரின் அம்மா எங்கள் பேச்சை முழுவதும் கேட்டார். அவர் பெயரைத்தான் முதலில் போட வேண்டும், எங்கள் பெயர்களெல்லாம் அதற்குக் கீழேதான் என்று ஸ்டுடியோக்காரர் சொன்னார். தறிக்காரர்கூடத் தலையாட்டினார். அந்த அம்மா பதறிப்போனார்.

"என்ற பேரை மட்டும் போட்டுப்போடாதீங்க சாமி. அன்னைக்கு ஊட்டுல வெறும் ரசம். அதுக்குப் போயி ஊரையே சாப்புட வான்னு கூப்புட்டாப்ல ஆயிருச்சுங்களே. சொந்தக்காரங்க என்னன்னு நினைப்பாங்க?"

கடைவீதியில் பார்க்கிறவர்கள் எல்லாம், சாப்பிட வரட்டுமா என்று கேட்கிறார்களாம். கேட்டுவிட்டார்களே என்று இரண்டு பேரைக் கூட்டிவந்து சாப்பாடும் போட்டிருக்கிறார். ரசத்தை மாற்றி, குறைந்தது ஒரு பொரியலாவது பாட்டில் சேர்க்க முடியுமா என்று என்னிடம் தனியாகக் கேட்டார். முடியாது அம்மா என்று சொன்னபோது எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது. அவர் பெயர் இல்லாமலே பாட்டு மறுபடி ஏறியது. அன்றைக்கு எங்களுக்குப் பொரியல், கூட்டு, பாயசம் எல்லாம் இருந்தது.

போன மாதம் காங்கேயத்துப் பையன்கள் சிலர் ஒரு பாட்டு போட்டார்கள். கேட்ட உடனே தெரிந்துவிட்டது. எங்கள் தாளம்தான். அதன் மேல் காளையின் கழுத்துச் சலங்கையைச் சேர்த்திருந்தார்கள். இசை என்ற இடத்தில் அவர்களுடைய பெயர். தறிக்காரர் கொதித்துப்போய் எனக்கு வரிசையாக வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார், பின்னால் அவருடைய தறியும் ஓடிக்கொண்டிருந்தது. நேரில் போய் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டு வருகிறேன் என்று நண்பர் காங்கேயம் பஸ் ஏறினார். சாயங்காலம் திரும்பி வந்தார். நல்ல பையன்களாம், இளநீர் வெட்டிக் கொடுத்தார்களாம், அவர்களுடைய அடுத்த பாட்டில் ஒரு சரணம் பாடுவதாக ஒத்துக்கொண்டு வந்திருக்கிறார். எங்கள் பெயரைப் பற்றிக் கேட்டீர்களா என்றேன். கேட்க வாய் வரவில்லை என்றார்.

எனக்கு அவர்மேல் பெரிதாகக் கோபம் வரவில்லை. அந்தப் பாட்டை டவுன் பஸ்ஸில் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தச் சலங்கை எனக்கு ஏன் தோன்றவில்லை என்பதுதான் எரிச்சலாக இருந்தது.