அக்கா குடித்த புளிப்பு

மருத்துவமனை நிர்வாகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எந்தக் கவுண்டரில் எப்போது நின்றால் திட்டு குறைவாக விழும் என்பதுவரை தெரியும். அதனால் புந்தோங்கில் இருக்கும் அக்காவுக்கு மார்புப் புற்றுநோய் திரும்பியபோது, துணைக்குப் போகும் வேலை எனக்கே வந்தது.

வழக்கமான மருந்துகள் கைவிட்ட பிறகு, ஆய்வில் இருந்த ஒரு மருந்துக்கு அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். இளம் டாக்டர் படம் வரைந்து விளக்கினார். கடலில் வாழும் ஒரு வகை நுண்பாசி தன்னைச் சுற்றிக் கண்ணாடி ஓடு கட்டிக்கொள்ளுமாம். ஓடு முழுக்கத் துளைகள். அதைப் பார்த்து, கண்ணுக்குத் தெரியாத துகள்கள் செய்து, துளைகளில் மருந்தை அடைத்து மூடியிருக்கிறார்கள். கட்டியைச் சுற்றிப் புளிப்பு அதிகம். அது பட்டால்தான் மூடி திறக்கும்.

அக்கா பலமாகத் தலையாட்டினாள். நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். அப்பாவுக்கு, மரத்தில் இறக்கிய ரப்பர் பாலை உறைய வைக்கும் ஸ்டோரில் வேலை. பள்ளி விட்டதும் அங்கேதான் போய் நிற்போம். தட்டுகளில் ரப்பர் பாலை ஊற்றி ஆசிட் கலப்பார். மூக்கைச் சுளிக்க வைக்கும் வாசனை; பார்த்துக்கொண்டிருக்கும்போதே பால் தயிராக உறையும். மழை வரும்போல இருந்தால், சீக்கிரம் உறையட்டும் என்று ஆசிட்டைக் கொஞ்சம் கூட்டுவார். அந்த வாசனையோடு அவர் வீட்டுக்கு வருவதை நாங்கள் தெருமுனையிலேயே கண்டுபிடித்துவிடுவோம்.

ஊசிக்கு முந்தின நாள் போனபோது, அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேசையில் ஆசாம்போய் என்ற புளிப்பு உப்புப்பழம் போட்ட எலுமிச்சைச் சாறு, ஜாடி நிறைய.

"என்னக்கா இது?"

"புளிப்பு பத்தலேன்னா மூடி தொறக்காதுலா. அப்பா ஆசிட்ட கூட்டுவாரே, மறந்துட்டியா?"

"அது தட்டுக்கா. நீ தட்டா?"

"படிச்ச திமிருடா ஒனக்கு."

"வயிறு எரியுதுன்னு நாளைக்குச் சொல்லணும்."

"சொன்னா தள்ளிருவாங்கடா தம்பி. எனக்கு வேற மருந்து இல்ல."

புதிய வலி எதுவானாலும் சொல்லியாக வேண்டும் என்பது விதி. இப்படிப்பட்ட விதிகளை ஊருக்கெல்லாம் ஓதியவன் நான். மறுநாள் புதிதாக வலி ஏதும் உண்டா என்று தாதி கேட்டபோது சுவரில் இருந்த மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வயிறு எரியுது மிஸ்ஸி," என்றாள் அக்கா. என் பக்கம் திரும்பி, "மறைச்சு வச்சு ஊசி வேல செய்யாம போச்சுன்னா?" என்றாள்.

டாக்டர் முழுக் கதையையும் கேட்டார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, குடிக்கும் புளிப்பு கட்டிவரை போகாது, கட்டி தன்னைச் சுற்றியுள்ள புளிப்பைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் என்றார். வயிறு ஆறட்டும், அடுத்த வாரம் வாருங்கள், உங்கள் இடம் உங்களுக்குத்தான் என்றார்.

அடுத்த வாரம் மருந்து ஏறத் தொடங்கியதும் அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஸ்டோர் வாசன வருதாடா?"

ஸ்பிரிட் வாசனைதான் வந்தது.

"வருதுக்கா," என்றேன்.