திலகவதியின் வீடியோ கால்

திலகவதிக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. விராலிமலையில் மெயின்ரோட்டை ஒட்டிய மிக்சர் கம்பெனியில் பாக்கெட் ஒட்டுகிறாள். கம்பெனியிலும் சரி, வீட்டிலும் சரி, கைமொழி தெரிந்த ஆள் ஒருவர்கூடக் கிடையாது. பெற்ற தாய் பொன்னுத்தாய்க்கே சாப்பிடு, படு, கிளம்பு என்பதற்கு மேல் சைகை வராது. முப்பது வயதுப் பெண்ணுக்கு வேறு பேச்சே இருக்காது என்று இவர்களுக்கு யார் சொன்னார்களோ!

அவள் மனம்விட்டுப் பேசுவது ஷர்லியிடம் மட்டும்தான். காது கேளாதோர் பள்ளி விடுதியில் பக்கத்துப் பாய்க்காரி. இப்போது கல்யாணமாகிக் கோயம்புத்தூரில் இருக்கிறாள். கணவருக்கும் கைமொழிதான், வீடு நிறைய அதில் பேசுகிற ஆட்கள். ஞாயிறு மதியம் வீடியோவில் வருவாள். போனைச் சாய்த்து வைத்தால் சரிந்து விழுகிறது, இரண்டு கையும் முழுசாகத் தெரிவதில்லை என்று திலகவதி பழைய சின்ன லேப்டாப் ஒன்றை வாங்கினாள்.

அந்தச் சனியன் படத்தைத் திக்கித் திக்கிக் காட்டியது. நமக்குப் படம் நின்றாலும் குரல் வரும். அவளுக்குப் படம்தான் குரல். ஷர்லியின் கை மேலே போவது தெரியும், இறங்குவது தெரியாது; நடுவில் சொன்னது போயே போச்சு. சில சமயம் ஷர்லி எங்கோ பார்த்தபடி உறைந்து நிற்பாள். அங்கேயும் இவள் படம் அப்படித்தான் நிற்குமாம். பேச்சு பாதியில் அறுந்துவிடும். திலகவதி லேப்டாப்பைத் திட்டித் தீர்ப்பாள்.

கடைசியில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பெலிக்ஸின் கம்ப்யூட்டர் கடைக்குப் போனாள். அவர் அதைப் பார்த்துவிட்டு, லேப்டாப்புக்காரியை விட்டுப் பொன்னுத்தாயிடம் பேசினார்.

"வீடியோ வேலையப் பாக்குறதுக்குன்னே உள்ள ஒரு கிராபிக்ஸ் சிப் இருக்குங்கம்மா. விண்டோஸ் போட்டவன் அத ஓட்டுற டிரைவர் சாப்ட்வேரப் போடாம விட்டுட்டான். அது சும்மா கெடக்கு, மொத்தப் பாரமும் பிராசஸர் தலையில. இப்ப போட்டுட்டேன், இனிமே நிக்காது. ஒங்க பொண்ணுக்கிட்ட சொல்லுங்க."

"அத நான் எப்படிங்க சொல்றது?" என்றாள் பொன்னுத்தாய்.

பெலிக்ஸ் அதையே திரையில் தட்டிக் காட்டினார். படித்ததும் திலகவதி அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டாள்.

அந்த ஞாயிறு படம் தண்ணீராக ஓடியது. ஷர்லியின் விரல்நுனி மடங்குவதுகூடத் தெரிந்தது. திலகவதி சந்தோஷத்தில் எல்லாவற்றையும் கொட்டினாள்: சூப்பர்வைசர் தன்னை மட்டும் குடோன் பக்கம் மாற்றியது, மதியம் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவது. ஷர்லி தலையாட்டினாள். பக்கவாட்டில் யாரிடமோ கையால் ஏதோ சொல்லிச் சிரித்தாள். திரும்பி மறுபடி தலையாட்டினாள். குடோனில் உட்கார்ந்து அழுதேன் என்று திலகவதி சொன்னதற்கும் அதே தலையாட்டல்தான்.

இத்தனை நாள் படம் நின்றதாக நினைத்த இடமெல்லாம் இதுதானோ? தூக்கிய கை தூக்கியபடி நின்றது.

ஷர்லி திரையைப் பார்த்தாள். திலகவதி அசையவில்லை. வழக்கம்போல் படம் உறைந்துவிட்டது என்று ஷர்லி நினைத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவர்களிடம், நின்றுவிட்டது, வருகிறேன் என்று கைகாட்டினாள். அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டு அழைப்பைத் துண்டித்தாள்.

அந்த மூச்சும் துளி தடங்கல் இல்லாமல் தெரிந்தது.