பாய் கடை மாடி ஜோடி

காதல் கதை என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்கு எரிச்சல் வரும். மழையில் நனைந்தோம், மலைக்குப் போனோம் என்பார்கள். நாங்கள் எங்கேயும் போகவில்லை. கைக்குள் அடங்கும் ஒரு வீடியோ கேம் மெஷினின் மங்கலான திரையை ரெண்டு பேரும் தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தோம், அவ்வளவுதான். அதற்கே இந்த அடி.

தொண்ணூறுகளின் கடைசியில் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு சின்ன எலெக்ட்ரானிக்ஸ் கடை இருந்தது. கால்குலேட்டர், வாக்மேன், கடிகாரம் விற்கிற கடை. போத்தனூரிலிருந்து ஸ்கூட்டரில் வந்துபோகிற கடைக்காரரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். சிங்கப்பூர் சரக்கு கொண்டுவருகிற யாரோ ஒருவர் அந்தக் கை மெஷின்கள் சிலவற்றையும், ராட்சச மிருகங்களைப் பிடித்து வளர்த்துச் சண்டைக்கு விடுகிற விளையாட்டு ஒன்றையும் அவர் தலையில் கட்டிவிட்டுப் போயிருந்தார். சரக்கு நகரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் கடை மாடியில் போட்டி வைத்தால் நகரும் என்று பாய் கணக்குப் போட்டார். ரெண்டு மெஷின்களை ஒரு கேபிளால் இணைத்தால் இந்த டீமும் அந்த டீமும் மோதும். மெஷின் வைத்திருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான் என்பதால், ஒரு மெஷினுக்கு ரெண்டு பேர் ஜோடியாக உட்கார்ந்து ஆட வேண்டும் என்பது அவர் போட்ட விதி.

எனக்குச் சொந்த மெஷின் கிடையாது. கல்லூரியில் கடைசி வருடம். நண்பனுடையதை வாங்கி ஆடிப் பழகியிருந்தேன். அவளிடம் மெஷின் இருந்தது, பக்கத்தில் உட்கார ஆள் இல்லை. பல்லடத்தில் விசைத்தறி வைத்திருந்த அவள் அப்பா, ஒரே மகளின் காலேஜ் படிப்புக்காக ஆர்.எஸ்.புரத்தில் வீடு வாங்கிக் குடிவந்திருந்தார். ஒரு பெண் மாடியேறி வந்து நின்றதும் அங்கிருந்த அத்தனை சூரர்களும் சுவரைப் பார்க்க ஆரம்பித்தார்கள். பாய் என்னைப் பார்த்தார்.

"தம்பி, சும்மாதான நிக்கறீங்க. அம்மணிகூட உக்காருங்க."

என் தலையெழுத்து பாய் வாய் வழியாக வந்தது.

இந்த விளையாட்டு தெரியாதவர்களுக்கு இதைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு மிருகமும் ஒரு டைப். தண்ணீர் நெருப்பை அணைக்கும், நெருப்பு செடியை எரிக்கும், செடி தண்ணீரைக் குடிக்கும். ஒரு டீமுக்கு ஆறு மிருகங்கள். களத்தில் ஒன்றுதான் நிற்கும், மீதி பின்னால் காத்திருக்கும். அடிப்பதா, அதை உள்ளே இழுத்து வேறொன்றை இறக்குவதா என்று ரெண்டு பக்கமும் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே நேரத்தில் முடிவு செய்ய வேண்டும். எதிராளி அடுத்து என்ன செய்வான் என்று யோசிக்கிற தலை இருந்தால் சப்பை மிருகத்தை வைத்துக்கொண்டும் ஜெயிக்கலாம். அந்தத் தலை அவளுக்கு இருந்தது. எனக்கு வாய்தான் இருந்தது.

முதல் நாள் நான் பெருமையாக ஆறு முரட்டு மிருகங்களின் பெயரைச் சொன்னேன். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

"ஏனுங்க, ஆறுமே மாப்பிள்ளைங்களா?"

"என்னதுங்க?"

"எல்லாம் அடிக்கறதுக்குன்னே இருக்குதே. ஒரு கல்யாணத்துக்கு மாப்பிள்ளை ஒருத்தரு போதுமுங்க. சோறாக்க ஆளு வேணும், எலை போட ஆளு வேணும், எவனாச்சும் தகராறு பண்ணுனா முன்னால போயி நெஞ்சைக் காட்டறதுக்கு ஒரு மாமன் வேணும். ஆறு பேரும் மணவறையில ஏறி உக்காந்துட்டா கல்யாணம் எப்பிடிங்க நடக்கும்?"

எனக்குச் சுருக்கென்றது. பெண்பிள்ளை பாடம் எடுக்கிறாளே என்று என் ஆறு மாப்பிள்ளைகளையே இறக்கினேன். பள்ளிக்கூடப் பயல்களிடம் மண்ணைக் கவ்வினோம். அடுத்த வாரம் வாயை மூடிக்கொண்டு அவள் சொன்னபடி டீம் கட்டினேன். ஒரு பாறை மிருகம் மாமன், வருகிற அடியையெல்லாம் வாங்கும். ஒரு மின்சார மிருகம் இலை போடும்: எதிரியை மரத்துப்போக வைத்துவிட்டு விழும். அதன்பிறகுதான் மாப்பிள்ளை வருவார், வந்த வேகத்தில் முடிப்பார். ஜெயித்தோம். பாய் கடை மாடியில் 'மாமன்', 'மாப்பிள்ளை' என்று எல்லாப் பயல்களும் பேச ஆரம்பித்தார்கள்.

ஆனால் எந்த டீமும் அங்கே நிலைக்காது. கொஞ்ச நாள், மனோசக்தியால் அடிக்கிற டைப்தான் ராஜா; யார் மெஷினைத் திறந்தாலும் அதுதான். அவள் தின்றுதின்று தூங்குகிற ஒரு குண்டு மிருகத்தைக் கொண்டுவந்து அந்த ராஜாக்களை எல்லாம் உட்கார வைத்தாள். உடனே எல்லோரும் குண்டனை வளர்த்தார்கள். குண்டனுக்கு மாற்று யோசித்தோம். எதிராளியின் மிருகங்களை வரிசையாகத் தூங்க வைத்து ஒரு ஜோடி அநியாயம் பண்ணியது. பாய் ஒரு மிருகத்துக்கு மேல் தூங்க வைக்கக் கூடாது என்று விதி போட்டார். அதற்குத் தகுந்தமாதிரி மறுபடியும் மாற்றினோம். பிறகு மெஷினில் செருகுகிற புது விளையாட்டு கார்ட்ரிட்ஜ் ஒன்று ஜப்பான் எழுத்தில் வந்தது. அதில் இரும்பு டைப், இருட்டு டைப் என்று ரெண்டு புதிதாக முளைத்திருந்தன. மாதக்கணக்கில் கட்டிய டீம் ஒரே மதியத்தில் குப்பை ஆயிற்று.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கருமம் பிடித்த கம்பெனிக்காரன், பாய், கரன்ட் கட் எல்லோரையும் திட்டினேன். அவள் கண்ணெல்லாம் மின்னப் புது கார்ட்ரிட்ஜைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அட உடுங்க. ரூல் மாறுனா நாமளும் மாறிக்கோணும். இருட்டை எதால அடிக்கறதுன்னு மொதல்ல பாப்போம்."

எழுத்து புரியாது. ஒவ்வொரு பட்டனையும் அழுத்தி, என்ன நடக்கிறது என்று பார்த்து, மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அவளுக்கு எல்லாம் நினைவிருக்கும். நான் தப்பாகச் சொன்னால் முழங்கையால் இடிப்பாள். தோற்றால் அரை மணி நேரத்துக்குக் கிட்டே போக முடியாது. பிறகு தானாகவே ஒரு கடலை மிட்டாயை என் பக்கம் தள்ளுவாள். அந்தக் கோபத்துக்காகவே சில நாள் தோற்கலாம் போலிருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்காக நான் வாரம் முழுக்க உயிரை வைத்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் மிகையில்லை.

அவள் வீட்டில் தோழியைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு வருவாள். ஆட்டம் முடிந்தால் தெருமுனை வரைக்கும் பத்தடி இடைவெளி விட்டு நடப்போம். எனக்கு வேலைக்கு ஆர்டர் வந்த வாரம் நான் என்னென்னவோ உளறி, ஒருவழியாகச் சொல்லிமுடித்தேன். அவள் செருப்பு நுனியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அதுக்கேனுங்க இத்தனை சுத்து? ஊட்டுல வந்து பேசச் சொல்லுங்க."

அன்றைக்கு நான் வீட்டுக்கு நடந்தே போனேன். பஸ் என்று ஒன்று இருப்பதே ஞாபகம் இல்லை. என்ன தடை வரப்போகிறது? ஒரே சாதி, பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள், தோட்டம் துரவு ரெண்டு பக்கமும் உண்டு.

அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்குச் சந்தோஷம்தான். "பையனுக்கு எடம் தேடற வேலை மிச்சம்" என்றாள். பிறகுதான் கேட்டாள்.

"அவங்க என்ன கூட்டம் கண்ணு?"

எங்கள் சாதிக்குள் பல கூட்டங்கள் உண்டு. ஒரே கூட்டத்தில் பிறந்தவர்கள், முன்பின் பார்த்தே இராவிட்டாலும் பங்காளிகள்; அண்ணன் தங்கை முறை. பெண் எடுக்கவும் மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள். அவள் கூட்டம் அவளுக்குத் தெரியும், என் கூட்டம் எனக்குத் தெரியும். ஒருவரை ஒருவர் கேட்கத்தான் தோன்றவில்லை. குலதெய்வக் கோயில் வேறு வேறு என்று பேச்சுவாக்கில் தெரிந்திருந்தது. அதனால் கூட்டமும் வேறாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டோம். அத்தனை ராட்சச மிருகங்களுக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால்கூட டைப் சொல்வோம்!

பல்லடத்தில் இருந்த மாமாவுக்கு அம்மா போன் போட்டாள். எந்தக் குடும்பம் எந்தக் கூட்டம் என்று மாமாவுக்குத் தெரியாதது இல்லை. போனை வைத்துவிட்டு அம்மா சிரித்தாள். கேலிச் சிரிப்பு இல்லை. பெரிய தப்பு நடக்காமல் தப்பித்தோம் என்கிற நிம்மதிச் சிரிப்பு.

"கோயில்தான் வேற, கூட்டம் ஒண்ணு. பங்காளி ஊட்டுப் புள்ளை சாமி அது. உனக்குத் தங்கச்சி!"

அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. மாமா நல்ல மனுஷர். என் ஆசையை மறைத்துவிட்டு, உங்கள் பங்காளி குடும்பம் ஒன்று டவுனிலேயே இருக்கிறது என்பதை மட்டும் அவள் அப்பாவிடம் சொல்லிவிட்டார். டவுனில் தெரிந்த முகம் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தவர் அவர். அந்த வாரமே ஆப்பிள், பூ, பலகாரத்தோடு மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். அவளுக்கு வழியில்தான் விஷயம் தெரிந்திருக்கிறது. எங்கள் ஹாலில் முகமெல்லாம் வெளுத்து நின்றாள்.

"அண்ணனுக்கு வணக்கம் சொல்லு அம்மணி" என்றார் அவள் அம்மா.

சொன்னாள். நானும் கையைக் கூப்பினேன்.

மகள் கை மெஷின் விளையாடுகிறாள் என்பது அவருக்குத் தெரியும், பாய் கடைப் போட்டிக்குப் போவதுதான் தெரியாது. நானும் அதே போட்டிக்குப் போகிறேன் என்று அம்மா பதறிப்போய் எதையோ சொல்லப்போக, அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, சொல்லவே இல்லியே! இனி எனக்குக் கவலையே இல்லீங்க. தம்பியே வந்து கூட்டிப் போயிட்டுக் கொண்டாந்து உடட்டும். அண்ணங்காரன் இருக்கறப்ப பயமென்ன?"

இப்படித்தான் நாங்கள் கேட்டதெல்லாம் கிடைத்தது. திருட்டுத்தனம் வேண்டியதில்லை, பத்தடி இடைவெளி வேண்டியதில்லை. அடுத்த ஞாயிறு அவள் அப்பா வாசலில் நின்று வழியனுப்ப, நண்பனிடம் நான் கேட்டு வாங்கி வந்த பைக்கின் பின்னால் அவள் ஏறி உட்கார்ந்தாள். முதல் தடவை. தெரு திரும்பியதும் அழ ஆரம்பித்தாள். எனக்கு ரோடு தெரியவில்லை. ஒரு ஆஸ்பத்திரிச் சுவர் ஓரமாக வண்டியை நிறுத்தினேன்.

"எல்லாத்துக்கும் ஒரு மாத்து கண்டுபுடிப்பீங்கல்ல? இதுக்குக் கண்டுபுடிங்க" என்றேன். கெஞ்சினேன்.

அவள் நிஜமாகவே யோசித்தாள். திரையைப் பார்த்து யோசிக்கும்போது நெற்றி சுருங்குமே, அப்படி.

"ஓடிப்போயிரலாமுங்க. ஊரு சிரிக்கும், சிரிக்கட்டும். ஆனா எங்கப்பா வாரம் பூராம் 'நம்ம பையன், நம்ம பையன்'னு தறியில வேலை செய்யறவங்ககிட்டக்கூட உங்களைப் பத்திச் சொல்லிட்டுத் திரியறாரு. நம்மளத்தான் அவரு நம்பியிருக்கறாரு. அந்த மனுசன் செத்துப்போவாருங்க. என்னால ஆகாது."

"அப்ப நான்?"

"உங்களுக்கு நான் என்னங்க சொல்லுவேன்?" என்று முகத்தைத் துப்பட்டாவில் அழுத்திக்கொண்டாள்.

போட்டிக்குப் போனோம். எதற்குப் போனோம் என்று இன்றுவரை புரியவில்லை. வீட்டுக்குத் திரும்பிப் போக ரெண்டு பேருக்கும் துணிச்சல் இல்லை, அவ்வளவுதான். அன்றைக்கு நாங்கள் ஆடியதுபோல அதற்கு முன்னால் ஆடியதில்லை. பேச்சே தேவைப்படவில்லை. நான் நினைப்பதற்குள் அவள் விரல் பட்டனில் இருக்கும். புது டீம், புது டைப், எழுத்துப் புரியாத கார்ட்ரிட்ஜ். வரிசையாக எல்லோரையும் தோற்கடித்தோம். பயல்கள் கை தட்டினார்கள். பாய் மாடிப்படியில் நின்று, "ஜோடின்னா இதுதாண்டா ஜோடி!" என்று கத்தினார்.

மகள் ஆடுவதைப் பார்க்கலாம் என்று வந்திருந்த அவள் அப்பா பாய்க்குப் பின்னால் நின்றிருந்தார்.

"பின்னே? அண்ணன் தங்கச்சிங்க பாய். ஒரே ரத்தமில்லீங்களா?" என்றார். அவ்வளவு பெருமை அந்த முகத்தில். அவள் தண்ணீர் குடிக்கப்போவதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு நாங்கள் ரெண்டு பேருமே பாய் கடைப் பக்கம் போகவில்லை.

படிப்பு முடிந்ததும் ஈரோட்டுப் பக்கம் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். வேறு கூட்டம், எல்லாம் விசாரித்துத்தான். கூடப் பிறந்தவன் இல்லாத பெண்ணுக்குப் பங்காளி வீட்டுப் பையன்தான் அண்ணன் ஸ்தானத்தில் நிற்க வேண்டும். அவள் அப்பா வீடு தேடி வந்து என் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டு கேட்டார். முடியாது என்று சொல்ல ஒரு காரணம்கூட எனக்கு அகப்படவில்லை. அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வரவே இல்லை.

பல்லடத்தில் கல்யாண மண்டபம். மாப்பிள்ளைக்கு மாலை போட்டு, காரிலிருந்து இறக்கி, கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தது நான்தான். கெட்டவனாக இருந்திருந்தால் வெறுத்துவிட்டாவது போயிருப்பேன். சாதுவான பையன், பயந்துபோயிருந்தான், உள்ளங்கை வேர்த்திருந்தது. ஒறம்பரை என்று வந்திருந்த சொந்தக்காரர்கள் சந்தனம் பூச வருவதற்குள் என் காதருகே குனிந்தான்.

"ஏனுங் மச்சான், கோவம் வந்தா அவங்க பேசவே மாட்டாங்கன்னு சொல்றாங்க. நெசமுங்களா? நான் என்னங்க பண்ணட்டும்?"

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒண்ணும் பண்ண வேண்டாமுங் மாப்ள" என்றேன். "ஒரு அரை மணி நேரம் தனியா உட்டுருங்க. அவளே வருவா. என் தங்கச்சி அப்பிடித்தான்."

அதுவரைக்கும் ஊர்தான் அவளை என் தங்கச்சி என்றது. அன்றைக்கு நான் சொன்னேன்.