உள்ளே திறந்த கதவு

ஒரு மனிதர் இறந்துபோனதற்கு நான் எழுதிய ஒரு வரி காரணம். அந்தப் பழியைச் சுமக்கிறவர் வேறொருவர். இரண்டையும் செய்தவன் நான்தான்.

உங்களை எனக்குத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது.

நான் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். மன்னாரில் மீன் வாடி, வவுனியாவில் அரிசி ஆலை, கொழும்பில் கம்பி வளைக்கிற வேலை... எங்கும் ஒரு வருடத்துக்கு மேல் நின்றதில்லை. கொழும்பில்தான், ஒருவருக்குப் பக்கத்தில் இருந்து பார்த்து, கொம்பியூட்டரில் வீட்டுப் படம் கீறப் பழகினேன். பிறகு சுன்னாகத்தில் ஓர் அலுவலகத்தில் சேர்ந்தேன்.

படித்தவர்கள் படத்தைக் கீறுவார்கள். எனக்குத் தந்தது கதவு, யன்னல் அட்டவணை. எத்தனையாம் கதவு, என்ன அகலம், என்ன மரம், எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று கட்டம் கட்டமாக நிரப்புவேன். மரவேலை செய்கிற ஓடாவியார் படத்தை விரித்துப் பார்ப்பதில்லை. அந்த ஒற்றைத் தாளைத்தான் பார்ப்பார். அதில் உள்ளபடியே கதவு வரும்.

அளவெட்டியில் சிவபாக்கியம் அக்கா வீடு கட்டினார். அவருடைய கணவருக்கு வலிப்பு வரும்.

“தம்பி, குளிக்கிற அறைக் கதவை மட்டும் வெளியாலை திறக்கிற மாதிரிப் போடுங்கோ. இவர் உள்ளுக்கை விழுந்து கதவை அடைச்சுக்கொண்டு கிடந்தால் நான் என்னெண்டு திறக்கிறது?”

கணவர் சிரித்தார். “நான் குளிக்கிறதை எட்டிப் பாக்கத்தான் தம்பி உவ வழி தேடுறா!”

“ஓமோம், உங்களைப் பாக்க ஊரே வரிசையிலை நிக்குது!”

நானும் சிரித்தேன். எழுதிக்கொண்டேன். ஆம், முதலில் சரியாகத்தான் எழுதினேன்! நாலாவது கதவு, வெளியே திறப்பது.

பிறகு அக்காவின் தமையன் கனடாவிலிருந்து அழைத்தார். கதவுகள் பதினொன்று இருக்கின்றனவாம், சோடியாக வரவேண்டுமாம், ஒற்றைப்பட வந்தால் குடும்பத்துக்குக் கூடாதாம். களஞ்சிய அறையின் பின்கதவை எடுத்துவிட்டேன். பத்தாயிற்று. ஆனால் இலக்கங்கள் எல்லாம் மாறின. ஒவ்வொன்றாகத் திருத்துகிற வேலைக்குப் பஞ்சிப்பட்டு, புத்தூரில் முன்பு செய்த ஒரு வீட்டின் அட்டவணையை எடுத்து, அளவுகளை மட்டும் மாற்றி ஒட்டினேன். அந்த வீட்டுக் குளியலறைக் கதவு உள்ளே திறப்பது. அந்தச் சொல் அப்படியே வந்து உட்கார்ந்துவிட்டது.

நான் திரும்ப வாசிக்கவில்லை. ஏன் வாசிக்கவில்லை? பசியா, அவசரமா? இல்லை. பிழை வராது என்ற திமிர்!

குடிபுகுந்த அன்றே அக்கா கண்டுபிடித்துவிட்டார். “தம்பி, கதவு உள்ளுக்கையெல்லோ திறக்குது?”

“நான் ஓடாவியாரிட்டைச் சொல்லி மாத்துவிக்கிறன் அக்கா.”

சொல்லவில்லை. சொன்னால் கந்தையா ஓடாவியார் தாளை எடுத்து நீட்டுவார். என் பிழை வெளியே வரும். அலுவலகத்திலிருந்து என்னைத் துரத்துவார்கள். இன்று போகட்டும், நாளை போகட்டும் என்று பதினாறு நாட்கள் போக்கினேன்.

பதினேழாம் நாள் காலை, குளித்துக்கொண்டிருந்தபோது அவருக்கு வலிப்பு வந்தது. கதவோடு சரிந்து விழுந்தார். அக்கா தள்ளினார். நாலு விரல் அகலத்துக்கு மேல் கதவு திறக்கவில்லை. அந்த இடைவெளியால் அவருடைய தோள் தெரிந்ததாம். கூப்பிட்டுக்கொண்டே இருந்தாராம்... அயலவர்கள் வந்து நிலையோடு பெயர்த்து எடுத்தபோது, முகம் தரையில் தேங்கிய தண்ணீரில் கிடந்தது.

செத்தவீட்டில் ஆட்கள் கதைக்கத் தொடங்கினார்கள், கதவை மாறிப் போட்டது ஆர் என்று.

அடுத்து நான் செய்ததைக் கேளுங்கள். இதுதான் அதைவிடக் கேவலம். அலுவலகத்துக்கு ஓடினேன். கணினியில் அந்த ஒரு சொல்லைத் திருத்தினேன். புதிதாக ஒரு தாள் அச்சடித்து எடுத்தேன். ஓடாவியார் செத்தவீட்டில் நின்ற நேரம் பார்த்து, அவருடைய பட்டறைக்குப் போய், சுவரில் குத்தியிருந்த பழைய தாளைக் கழற்றிப் புதியதைக் குத்தினேன். அடுத்த நாள் எல்லோரும் அங்கே போய்ப் பார்த்தார்கள். ‘வெளியே’ என்று தெளிவாக இருந்தது!

ஓடாவியார் சண்டை பிடிப்பார் என்று நினைத்தேன். பிடிக்கவில்லை. தாளைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு சிவபாக்கியம் அக்காவின் வீட்டு வாசல் படலையடியில் போய் நின்று கும்பிட்டார். அக்கா அவரை உள்ளே கூப்பிடவில்லை. நான் சொல்லியும் அவர்தான் கதவை மாற்றவில்லை என்று அக்கா நினைத்திருந்தார்.

அக்காவிடம் போய் உண்மையைச் சொல்லலாம் என்று இரண்டு தடவை சைக்கிள் எடுத்தேன். இரண்டு தடவையும் பாதிவழியில், மல்லாகத்தோடு திரும்பிவிட்டேன். சொன்னால், பதினாறு நாட்கள் சும்மா இருந்ததையும் அல்லவா சொல்லவேண்டும்! எத்தனையோ இடங்களை விட்டு ஓடியவன் நான். இந்த ஊரை விட்டு மட்டும் ஓட முடியவில்லை. ஏன் என்று எனக்கே விளங்கவில்லை.

அளவெட்டியில் இப்போது ஓடாவியாருக்கு வேலை குறைவு. வேறு ஊர்களில் கிடைப்பதைச் செய்கிறார். தடித்த கண்ணாடி போட்டிருக்கிறார். ஆனாலும் தன் கண்ணை நம்புவதில்லை. போன கிழமை ஒரு புதிய அட்டவணை கொண்டுபோனேன். ஒவ்வொரு வரியையும் என்னை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். குளியலறைக் கதவு வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

“தம்பி, திரும்ப ஒருக்கா.”

திரும்ப வாசித்தேன். தாளில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். பிறகு, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

“அண்டைக்கு உள்ளுக்கை எண்டு வாசிச்ச மாதிரித்தான் எனக்கு இப்பவும் கிடக்குது. நீங்கள் சரியாய்த்தானே எழுதினனீங்கள்? என்ரை கண்தான் பிழைச்சது, என்ன?”

“ஓம் ஓடாவியார்” என்றேன்.